பழைய ஓடமும் புதிய கித்தானும்

முன்னோர் விட்டுச் சென்ற பொருள் ஏதேனும் ஒன்று நம் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் இருக்கத்தான் செய்கிறது. பரணின்மேல் ஏற்றப்பட்ட மரப்பெட்டி, கால் ஆடிப்போன சாய்வு நாற்காலி, கொல்லைச் சுவரில் சாய்ந்து நிற்கும் பழைய கதவு என்று அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றைக் காணும்பொழுதெல்லாம் இரண்டு எண்ணங்களே மாறிமாறி நம் உள்ளத்தில் எழுகின்றன. ‘இனி இது எதற்கு உதவும்? விறகுக்கோ எடைக்கோ போட்டுவிடலாம்’ என்பது ஒன்று. ‘மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டால் போதும், பார்வைக்கு நன்றாயிருக்கும்’ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் விட்டு மூன்றாவது வழியொன்றும் உண்டு. அது நீண்ட வழி. பொறுமை வேண்டும் வழி. அவ்வழி எத்தகையது என்பதை வட அமெரிக்காவின் ஆற்றங்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் கேதுரு மரத்தாலான பழைய ஓடங்களைப் புதுப்பிக்கும் கைவினைஞர்களிடம் நாம் தெளிவாகக் காணலாம்.

‘கனூ’ என்று அவர்கள் வழங்கும் ஓடம் இரு முனையும் கூர்மையாய், மேற்பக்கம் திறந்ததாய், ஏறத்தாழ 16 அல்லது 17 அடி நீளமும் 3 அடி அகலமும் உடையதாய் இருக்கும். ஒருபுறம் மட்டுமே அலகுள்ள துடுப்பினால் அதனைச் செலுத்துவர். அதன் எடையோ பெரும்பாலும் 30 முதல் 35 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஓர் ஏரி முடிந்து மற்றோர் ஏரி தொடங்கும்வரை, அல்லது அருவி வீழும் இடத்தைக் கடக்கும்வரை, ஒருவரே அதனைத் தலைகீழாய்த் தம் தோள்மேல் ஏற்றிக் காட்டுப் பாதையில் சுமந்து சென்றுவிடலாம். வலிமையும் இலேசும் ஒருங்கே வேண்டிய ஓடம் அது. அவ்விரண்டையும் அதற்குத் தந்தது கேதுரு மரம்.

லெபனோன் கேதுரு அன்று

கேதுரு என்றவுடன் விவிலியம் படித்த நம் வாசகர்களுக்கு லெபனோன் மலையும், சாலமோன் அரசர் எழுப்பிய ஆலயமும் நினைவுக்கு வரும். ஆனால் இவ்வோடங்களுக்குப் பயன்படும் மரம் அதுவன்று. வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், ஈரம் நிறைந்த தாழ்நிலங்களில் வளரும் ‘வெண்கேதுரு’ வேறோர் இனத்தைச் சேர்ந்தது. ஐரோப்பியர் இதற்குச் சூட்டிய இலத்தீன் பெயர் ‘ஆர்போர் வீத்தே’ என்பது; ‘உயிர் மரம்’ என்பது அதன் பொருள். அதற்கொரு வரலாறும் உண்டு. 1535-36ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிரெஞ்சுக் கடலோடியான ழாக் கார்த்தியேயின் கூட்டத்தினர் இன்றைய கியூபெக் நகரத்தருகே உறைபனியில் சிக்கிக்கொண்டனர். ஈறு அழுகி உடல் வீங்கும் ‘ஸ்கர்வி’ நோய் அவர்களைத் தாக்கியது. பலர் மாண்டனர். அந்நாட்டுப் பழங்குடி மக்கள் ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி கற்றுக்கொடுத்ததனாலேயே எஞ்சியோர் பிழைத்தனர். அம்மரம் இவ்வெண்கேதுருவே என்று பல அறிஞர்கள் கருதுகின்றனர்.

வெண்கேதுரு, வட அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் மரங்களுள் மிக இலேசானவற்றுள் ஒன்று. நீரில் எளிதில் உளுத்துப் போகாது. நீராவியில் வேகவைத்தால் முறியாமல் வளையும். ஓடம் கட்டுவோனுக்கு இம்மூன்றுமே வேண்டிய பண்புகளாம்.

பட்டை போய்க் கித்தான் வந்தது

ஓடத்தின் மூல வடிவம் தொழிற்சாலையில் பிறந்ததன்று. பூர்ச்ச மரத்தின் பட்டையை ஒரே விரிப்பாக உரித்தெடுத்து, கேதுரு விலாக்களால் உள்ளிருந்து தாங்கி, மரவேர்களால் தைத்து, பிசினால் இணைப்புகளை அடைத்து ஓடம் செய்யும் கலையை அந்நாட்டுப் பழங்குடியினர் நெடுங்காலமாகவே கைவரப் பெற்றிருந்தனர். 1673ஆம் ஆண்டில் இயேசு சபைக் குருவான மார்க்கெட் அடிகளாரும் ஜொலியேயும் வேறு ஐவரும் மிசிசிப்பி ஆற்றைத் தேடிப் புறப்பட்டபொழுது அவர்களைச் சுமந்து சென்றவை இத்தகைய இரண்டு பட்டை ஓடங்களே.

அமெரிக்க நாட்டின் மேய்ன் மாநிலத்தில் பெனோப்ஸ்காட் என்னும் ஆறு ஓடுகிறது. அதே பெயருடைய பழங்குடி மக்கள் அதன் தீவொன்றில் இன்றும் வாழ்கின்றனர். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மறைபரப்பாளர் வழியாகக் கத்தோலிக்க மறையைத் தழுவிய அவர்களுடைய புனித அன்னாள் ஆலயம், அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலுள்ள மிகப் பழைய கத்தோலிக்கப் பணித்தளங்களுள் ஒன்றாகும். பட்டை ஓடம் செய்வதிலே அம்மக்கள் பேர்பெற்றவர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருமரக் காடுகள் வெட்டுண்டு, ஓடத்துக்குத் தக்க பெரிய பட்டை கிடைப்பது அரிதாயிற்று. அக்காலத்தில்தான், பட்டைக்குப் பதிலாகக் கித்தான் துணியைப் போர்த்தினால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது. 1870களில் மேய்ன் மாநிலத்துப் பேங்கர் நகரில் எவன் கெர்ரிஷ் என்பவர் கித்தான் போர்த்திய ஓடங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். பின்னர் ஓல்டு டவுன் என்னும் ஊர் இத்தொழிலின் தலைமை இடமாயிற்று. பெனோப்ஸ்காட் மக்களின் தீவு அவ்வூரின் எதிர்க்கரையிலேயே உள்ளது; அத்தீவினர் பலர் அங்குள்ள தொழிற்சாலைகளில் பணிபுரிந்தனர். கனடாவிலும் பீட்டர்பரோ, பிரெடரிக்டன் ஆகிய நகரங்களில் பெயர்பெற்ற ஓடத் தொழிற்சாலைகள் எழுந்தன. தொழிற்சாலை என்னும் பெயரைக் கண்டு நாம் மயங்கலாகாது. விலாவை வளைப்பதும், பலகையைப் பொருத்துவதும், ஆணி அறைவதும் எல்லாம் கைவேலைகளே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் காலம் மாறியது. வானூர்தி செய்த தொழிற்சாலைகள் அலுமினியத்தால் ஓடம் செய்தன. அதன்பின் கண்ணாடி இழையாலான ‘ஃபைபர்’ ஓடங்கள் வந்தன. அவை மலிவானவை, வெயிலில் கிடந்தாலும் கேடில்லை. மர ஓடங்கள் விலைபோகாமல் நின்றன. பீட்டர்பரோவின் பெரிய நிறுவனம் 1960களின் தொடக்கத்திலும், பிரெடரிக்டனில் இருந்த செஸ்ட்நட் நிறுவனம் 1970களின் இறுதியிலும் மூடப்பட்டன. குடும்பங்களில் இருந்த ஓடங்கள் கொட்டகையின் மூலைக்குப் போயின. பாட்டன் துடுப்புப் போட்ட ஓடத்தைப் பேரன் எலிகளுக்கு விட்டுவைத்தான்.

ஓடத்தின் உடலமைப்பு

இவ்வோடம் புதுப்பிக்கப்படும் முறையை அறிய வேண்டுமாயின், அது கட்டப்பட்ட முறையை முதலில் அறிதல் வேண்டும்.

ஓடத்தின் வடிவில் கவிழ்த்து வைத்த கனத்த மர அச்சு ஒன்று இருக்கும். விலாக்கள் அமையும் இடந்தோறும் அவ்வச்சின்மேல் இரும்புப் பட்டைகள் பதிக்கப்பட்டிருக்கும். நீராவியில் வெந்த கேதுருச் சட்டங்களைச் சூடாறுமுன் அப்பட்டைகளின்மேல் வளைத்துப் பொருத்துவர். இவையே விலாக்கள். நம் கடற்கரைத் தச்சர்கள் ‘வங்கு’ என்று சொல்வதும் இவ்வுறுப்பையேயாம். ஒவ்வொரு விலாவும் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு கனமே இருக்கும். அவற்றின்மேல் நீளவாக்கில் கேதுருப் பலகைகள் வரும். பலகையின் கனமோ அதில் பாதி. பலகையையும் விலாவையும் இணைப்பவை சின்னஞ்சிறு பித்தளை ஆணிகள். ஆணி பலகையையும் விலாவையும் துளைத்து இறங்கி, அடியிலுள்ள இரும்புப் பட்டையில் மோதியவுடன் அதன் முனை வளைந்து திரும்பி மீண்டும் மரத்துக்குள் புகுந்து கொக்கிபோல் பற்றிக்கொள்ளும். ஓர் ஓடத்தில் இத்தகைய ஆணிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பசையென்பது இதில் இல்லை.

பலகைகளின் இணைப்பு நீர் புகாமல் அடைக்கப்படுவதில்லை. நீரைத் தடுப்பது வெளியே போர்த்திய கித்தானே. அக்கித்தான் மரத்தோடு ஒட்டப்படுவதில்லை என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். அது இழுத்துக் கட்டப்பட்டு, மேல் ஓரத்திலும் இரு முனைகளிலும் மட்டும் சிற்றாணிகளால் நிறுத்தப்பட்டிருக்கும். அவ்வோரத்தை மறைக்கும் வெளிச்சட்டமும் திருகாணியால்தான் பூட்டப்பட்டிருக்கும். ஏன் இவ்வாறு செய்தனர்? கித்தான் ஒருநாள் இற்றுப்போகும், அன்று யாரோ ஒருவர் சட்டத்தைக் கழற்றிப் பழைய துணியை நீக்கிப் புதியதைப் போர்த்த வேண்டியிருக்கும் என்பதை ஓடம் கட்டியவர்கள் அறிந்திருந்தனர். தம் வேலை பழுதுபடாது என்று அவர்கள் இறுமாந்திருக்கவில்லை. பழுதுபடும் நாளில் அதனைத் திருத்த வருபவனுக்குக் கதவைத் திறந்து வைத்தே சென்றனர்.

எளிய வழியின் தீங்கு

கித்தான் கிழிந்த ஓடத்தை வைத்திருந்த பலர், புதிய பொருளின் புகழைக் கேட்டு, அதன்மேல் கண்ணாடி இழையை விரித்து ரெசின் என்னும் பசையை ஊற்றி இறுக்கினர். ஓரிரு நாளில் வேலை முடிந்தது. ஓடம் ஒழுகவில்லை, மினுமினுத்தது. இதைவிட வேறென்ன வேண்டும் என்று மகிழ்ந்தனர்.

ஆனால் மரம் அசையும் பொருள். ஈரத்தில் பருக்கும், வெயிலில் சுருங்கும். இறுகிய ரெசின் அவ்வாறு அசையாது. சில ஆண்டுகளில் இரண்டுக்கும் பிணக்கு உண்டாகிறது. ஆங்காங்கே உறை மரத்தை விட்டு எழும்புகிறது. இடைவெளியில் நீர் புகுகிறது. புகுந்த நீர் வெளியேற வழியில்லை. வெளியே பளபளப்பு மாறாதிருக்க, உள்ளே பலகை கருத்து உளுக்கிறது. அதனைச் சரிசெய்ய முற்படுவோர் வெப்பக் காற்றைப் பாய்ச்சி அவ்வுறையை அங்குலம் அங்குலமாக உரிக்க வேண்டும். உரிக்கும்பொழுது கேதுருவின் நாரும் அதனோடு சேர்ந்து பெயர்ந்து வரும். அறுபது ஆண்டு வெயிலும் மழையும் செய்யாத கேட்டை, காப்பாற்றுவதற்கென்று செய்த வேலை செய்துவிடுகிறது. மரம், கித்தான் இரண்டின் இயல்பையும் அறிந்த கைவினைஞர்கள் ‘கண்ணாடி இழை வேண்டா’ என்று வற்புறுத்துவது இதனாலேயாம்.

முதலில் அறிதல்

புதுப்பிப்பவர் கையில் முதலில் எடுப்பது உளியன்று. அவர் ஓடத்தைச் சுற்றி வந்து பார்க்கிறார். அணியத்தையும் பின்முனையையும் முதலில் தொட்டுப் பார்க்கிறார். கவிழ்த்து வைக்கப்பட்ட ஓடத்தின் முனைகள் ஈர நிலத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் உளுப்பு அங்குதான் பெரும்பாலும் தொடங்கும். எத்தனை விலாக்கள் முறிந்துள்ளன, எந்தப் பலகை பிளந்துள்ளது, ஓரச்சட்டம் எங்கே வளைந்து தொய்ந்துள்ளது என்பனவற்றையெல்லாம் குறித்துக்கொள்கிறார், அளவெடுக்கிறார், நிழற்படமும் எடுத்து வைக்கிறார்.

அடுத்து, ஓடத்தின் பிறப்பை விசாரிக்கிறார். ஓல்டு டவுன் நிறுவனத்தின் ஓடங்களில் முனைக்கட்டையின் உட்புறத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பல அடுக்கு வார்னிஷுக்கு அடியில் மறைந்துபோன அவ்வெண்ணை மெல்லச் சுரண்டிப் படித்துவிட்டால் அந்த ஓடத்தின் குறிப்பேடு கிடைத்துவிடும். நீளம், தரம், பயன்படுத்திய மரம், முதலில் பூசிய வண்ணம், எந்த நாளில் எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என்பனவெல்லாம் எழுதிய அட்டைகளை அந்நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமுதல் பேணி வந்துள்ளது. இலட்சத்திற்கும் மேற்பட்ட அப்பதிவுகள் இன்று கணிப்பொறியிலும் ஏற்றப்பட்டுள்ளன. நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேட்டை இது நினைவூட்டுகிறதன்றோ? பாட்டன் வாங்கியது பச்சை நிற ஓடமா சிவப்பு நிற ஓடமா என்று குடும்பத்தில் நடந்த வழக்கை அவ்வட்டை தீர்த்துவைப்பதும் உண்டு.

வடிவம் கெடாமல்

அதன்பின் திருகாணிகளைக் கழற்றி வெளிச்சட்டத்தை நீக்குவர். பழைய கித்தான் சருகுபோல் உரிந்து வரும். உள்ளே படிந்த பழைய வார்னிஷைக் கரைப்பான் பூசித் துடைத்தெடுப்பர். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாமாதலால் உலர்ந்த பொடி மூக்கில் ஏறாதபடி முகமூடி அணிவதும், ஈரமாகவே தேய்ப்பதும் இன்றியமையாதவை. நரைத்த கறை நீங்கினவுடன் கேதுருவின் தேன்நிறம் மீண்டும் வெளிப்படும்.

இனித்தான் தச்சுவேலை தொடங்குகிறது. இதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் உளுத்துப்போன முனைக்கட்டைகளையும் ஓரச்சட்டங்களையும் சீராக்க வேண்டும். ஏனெனில் ஓடத்தின் வடிவை இழுத்து நிறுத்துபவை அவையே. கட்டை முழுவதையும் எடுத்தெறிவதில்லை. உளுத்த நுனியை மட்டும் நீளச் சாய்வாக அறுத்து நீக்கி, அதே சாய்வில் செதுக்கிய புதுத் துண்டை அதன்மேல் பொருத்தி ஒட்டுவர். சாய்வு எவ்வளவு நீளமோ அவ்வளவு வலிமை. நல்ல பகுதி ஒரு சாண் எஞ்சியிருந்தாலும் அது ஓடத்திலேயே இருக்கும்.

பின்னர் விலாக்கள். எல்லா முறிந்த விலாக்களையும் ஒரேயடியாகக் கழற்றிவிடலாகாது. கழற்றினால் ஓடம் தன் வடிவை மறந்துவிடும். ஒன்றிரண்டை எடுத்து, அவ்விடத்தில் புதியவற்றைப் பொருத்திய பின்னரே அடுத்தவற்றைத் தொடுவர். புதிய விலாவை வளைக்க அச்சு வேண்டுமே. அந்தத் தொழிற்சாலையே மூடப்பட்டுவிட்டது, அச்சுக்கு எங்கே போவது? இங்கேதான் இக்கைத்தொழிலின் நுட்பம் இருக்கிறது. வெண்கேதுருச் சட்டத்தை நீரில் ஊறவைத்து, நீண்ட பெட்டியில் நீராவி ஏற்றி, வெந்தவுடன் கையுறையோடு எடுத்துக் கவிழ்த்த ஓடத்தின் வெளிப்புறத்திலேயே வைத்து வளைத்துக் கட்டிவிடுவர். அது உலர்ந்ததும் அவ்வளைவை அப்படியே வைத்துக்கொள்ளும். பிறகு அதனை உள்ளே கொண்டுபோய்ப் பொருத்துவர். ஆக, புதிய விலாவுக்குப் பழைய ஓடமே அச்சாகிறது. நல்ல விலாக்கள் அருகில் நிற்பதால்தான் முறிந்த விலாவுக்கு வடிவம் கிடைக்கிறது.

ஆணி அறைய இருவர் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து சுத்தியலால் அறைய, மற்றொருவர் உள்ளிருந்து கனத்த இரும்புக் கட்டியை அதே இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்வார். ஆணிமுனை அவ்விரும்பில் மோதி வளைந்து திரும்பும். வெளியே இருப்பவர் அடுத்த ஆணி எங்கே என்று சொல்ல, உள்ளே இருப்பவர் கையால் தடவி அவ்விடம் போகிறார். கணவன் மனைவியும், தந்தை மகனும் இவ்வேலையைச் சேர்ந்து செய்வதுண்டு. சுத்தியல் தவறிப் பட்ட பள்ளங்கள்மேல் கொதிநீரை ஊற்றினால் அமுங்கிய நார் பருத்துப் பள்ளம் மேலெழும்பி விடுகிறது. மென்மையான மரத்துக்கு அப்படி ஒரு நற்பண்பு!

கித்தான் போர்த்தல்

மர உடல் சீரானதும் உப்புத்தாளால் இழைத்து, ஆளிவிதை எண்ணெய் ஊட்டி, உட்புறத்தில் வார்னிஷ் அடிப்பர். அடுத்து கித்தான் வருகிறது. நீண்ட பருத்திக் கித்தானை நடுவில் மடித்துத் தூளிபோல் தொங்கவிட்டு, இரு நுனிகளையும் இடுக்கியில் பிடித்து எதிரெதிர்த் திசைகளில் கப்பியால் இழுப்பர். அத்தூளிக்குள் ஓடத்தை நிமிர்த்தி வைத்து மேலிருந்து முட்டுக்கொடுத்து அழுத்துவர். துணி சுருக்கமின்றி மரத்தைத் தழுவிக்கொள்ளும். பிறகு நடுப்பகுதியிலிருந்து தொடங்கி, ஒருமுறை இப்புறம், ஒருமுறை அப்புறம் என்று விலாவுக்கு விலா இழுத்துச் சிற்றாணி அடித்துக்கொண்டே முனைகளை நோக்கிச் செல்வர். ஒருபுறத்தையே முதலில் முடித்துவிட்டால் துணி கோணிப்போகும்.

போர்த்திய கித்தான் இன்னும் வெறுந்துணியே. நீர் அதில் ஊறும். அதன் இழைகளை அடைப்பதற்கென ஒரு கலவை உண்டு. ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன், நுண்ணிய சிலிக்காத் தூள், விரைவில் உலரச் செய்யும் மருந்து ஆகியவற்றோடு முற்காலத்தில் ஈய வெள்ளையும் சேர்த்தனர். துணி பூஞ்சை பிடிக்காதிருக்க அது உதவியது. ஈயம் நச்சாதலின் இன்று பலர் ஈயம் கலவாத கலவையையே பயன்படுத்துகின்றனர். இக்கலவையைத் துணியில் பூசி, கையுறை அணிந்த கையால் வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து இழைகளின் இடைவெளி தெரியாதபடி நிரப்புவர். முடிவில் அது பலகைபோல் வழவழப்பாகிறது.

அதன்பின் என்ன செய்வது? ஒன்றும் செய்யலாகாது, காத்திருக்க வேண்டும். மூன்று, நான்கு வாரங்களேனும், குளிர்ந்த ஈரப்பதமான இடமாயின் அதற்கு மேலும், கலவை உள்ளே உலர்ந்து இறுக விடவேண்டும். மேலே காய்ந்துவிட்டதே என்று அவசரப்பட்டு வண்ணம் அடித்தால், சில நாளில் வண்ணம் சுருங்கிக் கொப்புளம் கட்டும். செய்த வேலையெல்லாம் வீணாகும். இக்காத்திருப்பையும் வேலையின் ஒரு பகுதியாகவே இத்தச்சர்கள் கணக்கிடுகின்றனர். உலர்ந்தபின் தேய்த்து வண்ணம் அடித்து, மீண்டும் தேய்த்து மீண்டும் அடித்து, மூன்று நான்கு பூச்சுகள் தருவர். கடைசியில் வெளிச்சட்டத்தைத் திருகாணியால் மீண்டும் பூட்டி, அடியில் ஏராக்கட்டை இருந்ததாயின் அதனையும் பொருத்தி, முனையில் பித்தளைப் பட்டை அடிப்பர். இருக்கையின் பிரம்புப் பின்னல் அறுந்திருந்தால் புதிதாய்ப் பின்னப்படும். அப்பிரம்பு ஆசியக் காடுகளிலிருந்து கடல் கடந்து போனது!

இப்படிப் போர்த்திய கித்தான், நிழலில் பேணப்பட்டால், இன்னும் இருபது முப்பது ஆண்டுகள் உழைக்கும். அதன்பின் மீண்டும் இற்றுப்போகும். அன்று மறுபடியும் சட்டத்தைக் கழற்றலாம்.

எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது?

இங்கே வாசகர்கள் ஒரு வினா எழுப்பலாம். கித்தான் புதிது, வண்ணம் புதிது, விலாக்களில் சில புதியவை, முனைகளில் ஒட்டுப் போட்டாயிற்று. இதனைப் பழைய ஓடம் என்று எங்ஙனம் சொல்வது? நியாயமான வினாவே.

நல்ல கைவினைஞர்கள் இதற்குச் சொல்லால் விடையிறுப்பதில்லை. தம் கட்டுப்பாட்டால் விடையிறுக்கின்றனர். மாற்றத் தேவையில்லாத எதனையும் அவர்கள் மாற்றுவதில்லை. மயிரிழை விரிசலுள்ள விலாவைப் பிடுங்காமல் அதன் முதுகில் மெல்லிய கீற்று ஒன்றை ஒட்டி வலுவூட்டுவர். துடுப்பு உரசி உரசித் தேய்ந்த ஓரச்சட்டத்தை அதே தேய்வோடு விட்டுவைப்பர். சிறுவன் ஒருவன் கத்தியால் செதுக்கிய முதலெழுத்து குறுக்குச்சட்டத்தில் இருந்தால் அதன்மேல் உப்புத்தாள் படாமல் பார்த்துக்கொள்வர். புதிதாய் வைத்த மரமும் அதே இனமாக, அதே கனமாக, அதே பித்தளை ஆணியால் பொருத்தப்பட்டதாக இருக்கும். அரும்பொருளகத்துக்குரிய மிகப் பழைய ஓடமாயின் கிழிந்த கித்தானைக்கூட அகற்றாமல், கெடாதபடி மட்டும் காப்பர். நீரில் மிதக்க வேண்டிய ஓடத்தைச் சீர்திருத்தலும், சான்றாக நிற்க வேண்டிய ஓடத்தைக் காத்தலும் வெவ்வேறு கடமைகள். எது எதற்குரியது என்று பகுத்துணர்வதே இதில் பெரிய அறிவாகும்.

கைத்தொழில் மீண்ட கதை

தொழிற்சாலைகள் மூடப்பட்ட காலத்தில் இக்கலையும் அவற்றோடு மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. 1979ஆம் ஆண்டில் மர ஓட மரபுரிமைச் சங்கம் ஒன்று அமெரிக்காவில் தோன்றிற்று. கொட்டகைகளில் கிடந்த ஓடங்களின் உரிமையாளர்கள் அதன் வாயிலாக ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். முதியோரிடம் கேட்டறிந்த நுணுக்கங்கள் ஏட்டிலேறின. ஜெர்ரி ஸ்டெல்மாக், ரோலின் தர்லோ என்னும் இரு ஓடத் தச்சர்கள் 1987இல் வெளியிட்ட நூல் இன்றளவும் இத்தொழில் கற்போருக்குக் கைவிளக்காய் உள்ளது. கனடாவில் கர்க் விப்பர் என்னும் ஆசிரியர் பல ஆண்டுகளாகத் திரட்டிய ஓடங்களை அடிப்படையாகக் கொண்டு பீட்டர்பரோ நகரில் 1997இல் கனடிய ஓட அரும்பொருளகம் திறக்கப்பட்டது. அறுநூறுக்கும் மேற்பட்ட ஓடங்களைக் கொண்ட அது 2024இல் ஏரிக்கரையில் எழுப்பிய புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. ஓடத் தொழிற்சாலைகள் மடிந்த அதே நகரில் இன்று ஓடம் புதுப்பிக்கும் கலையைப் பொதுமக்கள் கற்கின்றனர்.

எந்த அரசாணையும் இக்கலையை மீட்டதன்று, மீட்டவர்கள் குடும்பத்தினர். ‘இது எம் பாட்டனாருடையது, இதனை விறகாக்க மனமில்லை’ என்று சொன்ன எளிய மக்கள் அவர்கள். ஓர் ஓடத்துக்காகத் தச்சுவேலை கற்றவர் பின்பு அண்டை வீட்டாரின் ஓடத்துக்கும் கைகொடுத்தார். ஒரு பொருளின்மேல் வைத்த பற்று ஒரு கலையையே காப்பாற்றிற்று.

நம் இல்லங்களில் கேதுரு ஓடம் இல்லை. ஆயினும் ஆடும் நாற்காலியும் பழைய கதவும் உள்ளன. அவற்றைச் செப்பனிடத் தெரிந்த தச்சர்களும் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். அடுத்த முறை அப்பொருள்களுக்கு முன் நிற்கும்பொழுது, ‘இதனை எறிவதா, பூசி மறைப்பதா’ என்னும் வினாவோடு நாம் நின்றுவிட வேண்டா. இதில் இன்னும் நன்றாயிருப்பது எது, உளுத்தது எது என்று தொட்டுப் பார்ப்போம். உளுத்ததை மட்டும் அறுத்து நீக்குவோம். நாம் செய்யும் வேலையையும், நமக்குப் பின் வரும் பிள்ளைகள் ஒருநாள் திருகாணியைக் கழற்றித் திருத்தக்கூடிய விதத்திலே செய்து வைப்போம். அவர்களுக்கு வேண்டிய அளவும், மரத்தின் பெயரும், செய்த நாளும் ஒரு தாளில் எழுதி அப்பொருளுக்குள்ளேயே வைத்துவிட்டால் அதுவும் நன்று.